நம்பியாண்டார் நம்பிகள்: திருமுறை வகுத்த வரலாறு

பாண்டிநாட்டிற் பாடல்பெற்ற தலங்கள் 14. அவற்றுள் இக்காலத்து விருதுநகர் மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்தது திருச்சுழியல் ஒன்றே. குண்டாற்றின் கரையிலே, திருமேனிநாதர் துணைமாலையம்மையோடு எழுந்தருளியிருக்கும் அத்தலத்திற்குக் கிடைத்துள்ள பதிகமும் ஒன்றே. சேரமான் பெருமாள் நாயனாரோடு பாண்டிநாட்டுத் தலங்களை வழிபட்டு வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் அதனை அருளிச்செய்தார்கள். ஏழாந் திருமுறையில் 82ஆம் பதிகமாக, நட்டபாடைப் பண்ணில் அது நிற்கின்றது. அம்மாவட்டத்திலேயே பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் பெருகிய சிவகாசியில் உள்ள விசுவநாதர் ஆலயமோ, பிற்காலப் பாண்டியனாகிய பராக்கிரம பாண்டியன் காசியினின்று கொணர்ந்த இலிங்கத்தைக் கொண்டதெனத் தலவரலாறு கூறும். மூவர் காலத்துக்கு மிகப் பிற்பட்ட அவ்வாலயத்திற்குப் பதிகம் இல்லாமை இயல்பே.

ஆகவே, திருச்சுழியற் பதிகம் எழுதிய அவ்வோரேடு செல்லரித்துப் போயிருக்குமாயின், அந்நிலப்பரப்பு முழுவதும் தேவாரத் திருப்பதிகம் ஒன்றேனும் இன்றிக் கிடந்திருக்கும். தலம் இருந்திருக்கும், மூர்த்தி இருந்திருப்பார், நாயனார் அங்கே வந்த செய்தியும் இருந்திருக்கும். ஓதுதற்குப் பாட்டு மாத்திரம் இராது. இதனை எண்ணுந்தோறும் எமக்கு நினைவுக்கு வருபவர் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகளே. எப்பாடல் தலைசிறந்தது, எதனைத் திருமுறை எனலாம், எதனை ஆகாதென விலக்கலாம் என்னும் வழக்கு சைவருள் எக்காலத்தும் ஓய்ந்ததில்லை. அவ்வழக்கிடுவோர் யாவரும் இறுதியில் நம்பிகள் இட்ட வரையறையையே சான்றாக எடுத்துக் காட்டுவர். ஆனால் அவ்வரையறை எவ்வாறு பிறந்தது, எதனைக் கொண்டது, எதனைக் கொள்ளாது விட்டது என்பனவற்றை நின்று நோக்குவோர் சிலரே. அதன்பொருட்டே அவர் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சிதம்பரத்திற்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடையே உள்ளது திருநாரையூர். அங்கே ஆதிசைவ மரபில், பொல்லாப் பிள்ளையார்க்குப் பூசனை புரியும் குடியிலே நம்பிகள் தோன்றினார். பொல்லாமை என்பது ஈண்டுப் பொள்ளாமை. உளியாற் பொளியப்படாது தாமே தோன்றிய பிள்ளையார் என்பது கருத்து. சொல்லின் ஓசை கொண்டு வேறு பொருள் கொள்ளுதல் பிழை. நம்பிகளது வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் என்னும் சிறுநூல் கூறுகின்றது. அது கொற்றவன்குடி உமாபதிசிவாசாரியர் இயற்றியதென வழங்குவது. 1313ஆம் ஆண்டிற் சங்கற்ப நிராகரணம் செய்தவர் அவராதலின், நம்பிகளுக்கும் அந்நூலுக்கும் இடையே கழிந்த காலம் சிறிதன்று.

அந்நூல் கூறும் இளமை நிகழ்ச்சியைச் சைவர் இல்லங்களிற் குழந்தைகளும் அறியும். தந்தையார் ஒருநாள் வேற்றூர் செல்ல நேர்ந்தமையின், பிள்ளையார் பூசையை மைந்தரிடத்தே ஒப்புவித்தார். மைந்தர் நீராட்டி மலர் சூட்டி அமுது படைத்தார். படைத்த அமுது அவ்வண்ணமே இருந்தது. தந்தையார் படைக்கும்போது பிள்ளையார் உண்டருள்வார் என்றே அதுகாறும் நம்பியிருந்த குழந்தைக்கு, அது தம் குற்றத்தால் நேர்ந்ததென்றே தோன்றிற்று. இரந்து வேண்டினார், பயனின்மை கண்டு தலையைக் கல்லில் மோதிக்கொள்ளப் புகுந்தார். பிள்ளையார் தடுத்து அமுதுண்டருளினார். பொழுது கழிந்தமையின், பள்ளிக்குச் செல்லின் ஆசிரியர் ஒறுப்பர் என்று அஞ்சிய குழந்தைக்குத் தாமே ஆசிரியராயிருந்து கல்வியும் அளித்தருளினார். மறுநாள் தந்தையார் மறைந்துநின்று கண்டு உண்மை உணர்ந்தார்.

இக்கதையை அற்புதம் என்று கேட்டுப் போவார்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். பிள்ளையார் உண்ணார் என்பதை அறியாமையே அக்குழந்தையின் தகுதி. பிற்காலத்தே எண்ணற்ற பாடல்களுள் எஞ்சியவற்றை ஏந்தி முறைசெய்ய வேண்டிய கடமை, புலமையாற் பெயர்பெற்றார் ஒருவர்பாற் செல்லாது, படைத்ததை உண்ணவேண்டுமென்று அழுத பிள்ளையிடத்தே சென்றது என்பதைப் புராணமுடையார் மிகக் கருதியே முன்வைத்தார் போலும்.

நம்பிகளின் புகழைக் கேட்ட சோழமன்னன் வாழைக்கனியும் தேனும் அவலும் அப்பமும் எள்ளுருண்டையும் மிகுதியாகக் கொண்டு திருநாரையூர் வந்தான். நம்பிகள் வேண்டப் பிள்ளையார் அனைத்தையும் ஏற்றருளினார். அது கண்ட அரசன், மூவர் தமிழ் எங்கே உளது, திருத்தொண்டர் வரலாறு யாது என்னும் இரண்டையும் பிள்ளையார்பாற் கேட்டறிந்து கூறவேண்டுமென நம்பிகளை இரந்தான். பொன்னோ நாடோ வெற்றியோ வேண்டாது, காணாமற்போன பாட்டை வேண்டிய அரசன் அவன். தில்லையில் அம்பலத்தின் புறத்தே ஓர் அறையில், மூவர் கையடையாளம் இட்ட காப்பினுள் அவை இருக்கின்றன என்று விடை கிடைத்தது.

அரசனும் நம்பிகளும் தில்லை சென்றனர். காப்பிட்ட மூவரே வந்தாலன்றிக் கதவு திறத்தல் ஆகாதென்றனர் தில்லைவாழந்தணர். அம்மறுப்பில் முறை உண்டு. ஒருவர் வைத்ததை மற்றொருவர் எடுத்தல் எங்ஙனம்? அரசன் அதனை மீறவில்லை. மூவர் திருவுருவங்களையும் விழாவோடு எழுந்தருளுவித்து வந்து, வைத்தவர் வந்தனர் என்று காட்டினான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்து ஒழிந்திருந்தது. அரசன் ஆற்றாது வருந்த, இக்காலத்துக்கு வேண்டுவன மாத்திரம் வைத்து ஏனையவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்னும் கருத்தமைய வானொலி ஒன்று எழுந்து தேற்றியதென்பர்.

அப்புராணத்தின் கணக்குப்படி மூவர் அருளிய பதிகங்கள் 1,03,000. பண்டைப் பதிப்புக்களிற் காண்பன சம்பந்தர் பதிகம் 383, திருநாவுக்கரசர் பதிகம் 312, சுந்தரர் பதிகம் 100, ஆக 795. நூற்றுக்கு ஒன்றும் எஞ்சவில்லை.

இவ்விடத்தில்தான் நம்மவர் பலர் ஒரு தவறு செய்கின்றனர். செல்லரித்தவை வேண்டாதவை, ஆதலின் தரத்திற் குறைந்தவை என்று கொள்கின்றனர். வானொலியின் கருத்து அஃதன்று. இக்காலத்துக்கு வேண்டுவன என்றதனால், எஞ்சியவை நமக்குப் போதும் என்பது பெறப்படுமேயன்றி, ஒழிந்தவை கீழ்ப்பட்டன என்பது பெறப்படாது. துயருற்ற அரசனுக்குக் கூறிய ஆறுதலை இலக்கியத் தீர்ப்பாக மாற்றிக்கொள்வது நம் பிழை. கறையானுக்கு நல்ல பாட்டும் அல்லாத பாட்டும் தெரியா. திருச்சுழியலின் ஒரு பதிகம் பிழைத்தது. அதன் அருகிருந்த ஏடுகளில் இருந்தவை எவையென்பதை அறிவார் யார்?

இனி, தேவாரம் அடியோடு மறைந்து கிடந்ததென்பதும் முழுதும் பொருந்தாது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலேயே கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் கூறப்பட்டுள்ளது. ஆகவே ஆங்காங்கே ஆலயங்களில் ஓதுவார் நாவில் பாட்டு வாழ்ந்தே வந்தது. மறைந்திருந்தது முழுத்தொகுதி, ஓரிடத்துப் பாட்டை மற்றோரிடத்தார் அறியாதிருந்தனர் எனக் கொள்வதே தகும். நம்பிகள் செய்த பேருதவி, புதையலை எடுத்தது மாத்திரம் அன்று, சிதறியதைத் தொகுத்தது.

அரசன் யாவன் என்பது பற்றியும் வேறுபாடு உண்டு. புராணம் அபயகுலசேகரன் இராசராசன் என்னும். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனே அவன் என்பது பெருவழக்கு. அவ்வரசன் எடுப்பித்து 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரையும் கொட்டி முழக்க இருவரையும் அவன் அமைத்தமையைக் கல்வெட்டு விளங்கக் கூறுகின்றது. அக்கோயிலின் அதிகாரி ஒருவர் சுந்தரர், பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர் ஆகியோர்தம் செப்புத் திருமேனிகளைச் செய்து வைத்தமையும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. மூவரை எழுந்தருளுவித்த கதைக்கு இதனினும் அணித்தான வரலாற்றுச் சார்பு வேண்டுமோ?

வேறு சிலர், நம்பிகள் 871 முதல் 907 வரை ஆண்ட ஆதித்த சோழன் காலத்தவர் என்பர். திருத்தொண்டர் திருவந்தாதியில் இடங்கழி நாயனாரைக் கூறுமிடத்து, தில்லையம்பல முகட்டைக் கொங்குநாட்டுப் பொன்னால் வேய்ந்த ஆதித்தனுடைய குலமுதல்வர் அவர் என்று நம்பிகள் குறித்திருத்தல் அவர்க்கு ஆதாரம். ஓர் அரசனைப் புகழ்ந்து கூறுதலால் அவன் காலத்திலேயே வாழ்ந்தார் என்பது துணிபாகாது. ஒரு நூற்றாண்டு கழித்தும் அச்செயல் புகழப்படலாம். ஒன்பதாந் திருமுறையுள் தஞ்சை இராசராசேச்சரத்திற்குக் கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பா உளது. அவரே முதலாம் இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழேச்சரத்திற்கும் பாடியுள்ளார். ஆகவே அத்திருமுறை இன்றுள்ள வடிவை எய்தியது 1014க்குப் பின்னரே. நம்பிகள் இராசேந்திரன் காலத்தும் வாழ்ந்திருத்தல் வேண்டும். அன்றேல் அப்பதிகம் அவர்க்குப் பின் ஒருவராற் சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றுள் எதுவாயினும், தொகுப்பு ஒருநாளில் முடிந்து பூட்டப்பட்டதன்று என்பது தெளிவு.

கிடைத்த ஏடுகளை நம்பிகள் வகுத்த முறையை இனி நோக்குவாம். சம்பந்தர் பாடல்களைப் பண் பற்றி மூன்றாகவும், அரசர் பாடல்களைப் பண்ணும் திருநேரிசையும் திருவிருத்தமும் ஒன்று, திருக்குறுந்தொகை ஒன்று, திருத்தாண்டகம் ஒன்று என மூன்றாகவும், சுந்தரர் பாடல்களை ஒன்றாகவும் அமைத்தார். பண்கள் வழக்கிறந்தமையின், அரசனும் நம்பிகளும் திருஎருக்கத்தம்புலியூர் சென்று வேண்ட, அவ்வூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் வெளிப்படுத்தப்பட்டார். அவரைத் தில்லைக்கு அழைத்து வந்து பண்ணடைவு செய்வித்தனர். இன்று விருத்தாசலத்தை அடுத்து இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் ஊர் அது. ஏட்டை மீட்டவர் ஆதிசைவர், பொருளை ஈந்தவர் அரசர், இசையை ஈந்தவர் பாணர்குலத்து அம்மையார். இம்மூவருள் ஒருவர் இல்லையெனினும் திருமுறை ஏடாயிருக்குமேயன்றிப் பாட்டாயிராது. அவ்வம்மையாரின் பெயரை நம் நூல்கள் பாதுகாவாது விட்டமை எமக்கு என்றும் ஒரு குறையாகவே படுகின்றது.

மூவர் பாடல் ஏழும் அமைந்தபின், மணிவாசகர் அருளிய திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாயின. திருமாளிகைத்தேவர் முதலிய ஒன்பதின்மர் திருவிசைப்பாவும் சேந்தனாரது திருப்பல்லாண்டும் ஒன்பது. திருமூலர் திருமந்திரம் பத்து. பின்னர் அரசன் மீண்டும் வேண்ட, திருவாலவாயுடையார் பாணபத்திரர் பொருட்டுச் சேரமானுக்கு விடுத்த திருமுகப்பாசுரம் தொடங்கிப் பன்னிருவர் பிரபந்தங்கள் பதினொன்றாந் திருமுறையாயின.

இவ்வடைவைக் காலவடைவு என்று கொள்வார்க்கு ஒன்றும் விளங்காது. மூவர்க்கு முற்பட்ட காரைக்காலம்மையார் பதினொன்றில் இருக்கின்றார். திருமூலர் பத்தில் இருக்கின்றார். 957ஆம் ஆண்டளவில் மறைந்த கண்டராதித்த சோழர், நம்பிகளுக்கு அணித்தான காலத்தவர், ஒன்பதில் இருக்கின்றார். சம்பந்தரினும் வயதில் மூத்த அப்பர் நான்காவதில் தொடங்குகின்றார். தரவடைவு என்று கொள்வார்க்கோ இதனினும் இடர்ப்பாடு உண்டு. இறைவன் தானே அருளியதென்னும் திருமுகப்பாசுரம் பதினொன்றில் நிற்க, அடியார் பாடல் முதலில் நிற்பது எங்ஙனம்? அம்மையார் பாட்டு இசைப்பா ஆசிரியர் பாட்டினும் தாழ்ந்ததென்று சொல்லத் துணியும் சைவர் எவரேனும் உளரோ?

ஆதலின் நம்பிகள் கொண்ட அளவை வேறு. கோயிலிற் பண்ணோடு ஓதும் வழிபாட்டுப் பதிகங்களைப் பெரும்பாலும் முன்னர் வைத்தார். சாத்திரப் பொருளும் யோகப் பொருளும் நிறைந்த திருமந்திரத்தை அவற்றின்பின் வைத்தார். அந்தாதியும் மும்மணிக்கோவையும் போலப் பலவகைப்பட்ட பிரபந்தங்களை ஒருங்கு திரட்டி இறுதியில் வைத்தார். சம்பந்தரை முதலில் வைத்தமைக்கு அன்பும் ஒரு காரணமாகலாம். நம்பிகள் இயற்றிய பிரபந்தங்கள் 10. அவற்றுள் ஆளுடைய பிள்ளையார்மேற் பாடியவை மாத்திரம் 6. திருநாவுக்கரசர்மேல் ஒன்றே. ஆனால் சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகையை விரித்துத் திருத்தொண்டர் திருவந்தாதி செய்தவரும் அவரே. தொகைக்கு வகையாய அந்நூலே பின்னர்ச் சேக்கிழார் பெருமானின் விரிநூலுக்கு அடிப்படையாயிற்று. அரசன் கேட்ட இரண்டாவது வினாவுக்கு நம்பிகள் தந்த விடை அதுவே.

நம்பிகளுடைய பத்து நூல்களும் பதினொன்றாந் திருமுறையின் ஈற்றிலே உள்ளன. தம் பாடலைத் தாமே திருமுறையிற் சேர்த்தாரோ என்று சிலர் முகஞ்சுளிப்பர். தம் பாட்டைத் தாமே மேலான பாட்டென்று அறுதியிடுதல் அவர்தம் அடக்கத்துக்கு ஒவ்வாதென்றும், மாணாக்கர் எவரேனும் பின்னர்ச் சேர்த்திருத்தல் வேண்டுமென்றும் கருதுவோர் உளர். எமது கருத்தும் அதுவே. எவர் சேர்ப்பினும், அங்ஙனம் சேர்த்தல் கூடும் என்னும் நிலை அக்காலத்திருந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. அநபாயனெனப் பெற்ற இரண்டாம் குலோத்துங்கன் காலத்தே, 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் அருளிய பெரியபுராணம் பன்னிரண்டாந் திருமுறையாக அமைந்தது. மெய்கண்ட சாத்திரம் 14ம் அதன்பின் எழுந்தும் திருமுறையெனப் பெயர்பெறாது சாத்திரமென வேறு நின்றன. அதனாற் சிவஞானபோதத்துக்குக் குறைவொன்றும் நேர்ந்ததில்லை என்பதனைச் சித்தாந்தம் கற்ற அன்பர்க்கு யாம் கூறவேண்டுவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் இவ்வெல்லை பற்றிப் பெரியதோர் பூசல் எழுந்தமை யாவரும் அறிந்ததே. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பா என்னும் பெயரோடு, திருமுறைகளாகப் பகுத்து வெளியிட்டனர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அதனை மறுத்தெழுந்தனர். வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அப்பெயரைத் தேவார முதலியவற்றுக்கே உரியதெனக் காத்தவர் பக்கத்தும் அன்பு இருந்தது. பாடலில் உருகியவர் பக்கத்தும் அன்பு இருந்தது. இருசாராரும் இன்று இல்லை. அவர் எழுதிய கண்டனங்களைப் புரட்டும்போது எமக்குத் தோன்றுவது, பாடலின் தகுதியினும் பெயரின் எல்லையைப் பற்றியே ஏடுகள் மிகச் செலவாயின என்பது. வழிபாட்டில் ஓதுதற்குரிய தொகுதி இதுவென வரையறுத்தல் வேறு; அத்தொகுதிக்குப் புறத்தே அருள் இல்லையென்றல் வேறு. முன்னது நம்பிகள் செய்தது. பின்னதை அவர் செய்தாரென்பதற்குச் சான்று யாதும் இல்லை.

பண்முறையோ தலமுறையோ சிறந்ததென்று ஓதுவாமூர்த்திகளும் பதிப்பாசிரியரும் வழக்கிடுவதும் உண்டு. தலமுறையிற் பார்க்கின், சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் ஒரு தலத்தின்கண் ஒருங்கு நிற்பர். யாத்திரை செய்வார்க்கு அதுவே எளிது. பண்முறையிற் பார்க்கின், பாட்டு இசையாக நிற்கும். நம்பிகள் இரண்டாவதனைத் தேர்ந்தார். திருச்சுழியற் பதிகம் அதனாலேயே கேதாரத்துக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் உரிய நட்டபாடைப் பதிகங்களோடு ஒரு வரிசையில் இருக்கின்றது. இமயத்துத் தலமும் ஈழத்துத் தலமும் தொண்டைநாட்டுத் தலமும் குண்டாற்றங்கரைச் சிற்றூரும் ஒரு பண்ணின் உறவால் அண்டை வீட்டாராயின. பாடல்பெற்ற தலங்களுட் பெரியது சிறியது என்று பிரிப்பார் இவ்வடைவை ஒருமுறை ஓதிப் பார்ப்பாராக.

இவ்வரலாற்றிற்கு இன்றியமையாத செய்தி இன்னும் ஒன்று உளது. திருவாரூர் மாவட்டத்தில் திருவிடைவாசல் என இன்று வழங்கும் திருவிடைவாய் என்னும் தலத்திற்குச் சம்பந்தர் பாடிய பதிகம் தில்லை ஏடுகளில் இல்லை. ஆகவே நம்பிகளின் தொகுப்பிலும் அது இல்லை. ஆயின் அவ்வூர்க் கோயிலார் அதனைக் கல்லிற் பொறித்து வைத்திருந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்வெட்டாராய்ந்தோர் அதனைக் கண்டெடுத்தனர். கேட்டவர் எவரும் அது நம்பிகள் கைப்படாதது என்று தள்ளவில்லை. சம்பந்தர் பதிகம் 384 ஆயிற்று. 274 என எண்ணப்பட்டுவந்த தலங்களோடு அத்தலமும் ஒன்று கூடிற்று. மூன்றாந் திருமுறைப் பதிப்புக்களின் ஈற்றில் அப்பதிகம் இன்று அச்சிடப்பெற்று, அவ்வாலயத்திலும் பிற ஆலயங்களிலும் ஓதப்பட்டு வருகின்றது.